ஒன்பதாவது வளைவில் போன மீசை

இது ஒரு மீசைக்கு வந்த வழக்கு. தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிட்டால் அது உங்கள் சாமர்த்தியம்.

ஏலக்காய் விளையும் கூவல்மலையில் ஒச்சம்மாவைத் தெரியாதவர் கிடையாது. கணவன் இறந்த பிறகு அவனுடைய டீசல் ஜீப்பைத் தானே ஓட்டத் தொடங்கியவள். அடிவாரத்துப் பெண்களைத் தினமும் மேலே தோட்டத்துக்கு ஏற்றிப்போவாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. காய் எடுப்பு தொடங்கும் முதல் நாள் பெண்கள் எந்த ஜீப்பில் ஏறுகிறார்களோ, பருவம் முடியும்வரை அதே ஜீப்தான். ஆனால் அன்றைக்கே வண்டி நடுவழியில் ஆளை இறக்கிவிட்டால், அவர்கள் வேறு ஜீப் பார்த்துக்கொள்ளலாம். ஏனென்று கேட்க முடியாது.

போன பருவத்தின் முதல் நாள் ஆள் குறைவாக இருந்ததால் ஒச்சம்மாவின் ஜீப் எப்படியோ ஏறிவிட்டது. அதற்குப் பிறகு ஒன்பதாவது வளைவு வந்தாலே இழுக்காது. பெண்கள் இறங்கி நடந்து, வளைவுக்கு மேலே போய் ஏறிக்கொள்வார்கள். "அடுத்த வருசமும் நடைதானா ஒச்சம்மா?" என்று ஒருத்தி கேட்டது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆள் போய்விட்டால் ஜீப்பை விற்க வேண்டியதுதான், வேறு வழியில்லை.

யோசனை சொல்ல இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருமே மெக்கானிக், கேட்கவா வேண்டும்!

"என்ஜினையே மாத்திரு தாயி" என்றார் அண்ணன் சன்னாசி. உடைக்கப்போன வேன் ஒன்றின் பெரிய என்ஜினை, ரேடியேட்டரோடு வாங்கித் தன் பட்டறையில் போட்டே வைத்திருந்தார்.

கொழுந்தன் குபேந்திரன் விடவில்லை. "அவ்வளவு பெரிய என்ஜினுக்கு இந்த கியர்பாக்ஸ் தாங்காது மதினி. இருக்கிற என்ஜினுக்கே டர்போ போட்டாப் போதும், வேற எதையும் தொட வேணாம்."

ஒச்சம்மா தன் வண்டியை நினைத்துப் பார்த்தாள். மலைக் குளிரிலும் ஒரே திருப்பில் பிடித்துக்கொள்ளும். ஆயில் குறைவதில்லை, புகையும் இல்லை. சமதளத்தில் பறக்கும். உயரம் போகப் போகத்தான் சோர்கிறது. அப்படியானால் என்ஜினுக்குக் கிழடு தட்டவில்லை, மேலே காற்றுதான் போதவில்லை. காற்றை அழுத்திக் கொடுக்கும் டர்போவே இதற்கு மருந்து என்று முடிவு கட்டினாள்.

சன்னாசிக்கு முகம் சிவந்துவிட்டது. "டர்போ போட்டா சூடு ஏறும். இந்தப் பழைய ரேடியேட்டர் கொதிச்சு வண்டி படுத்துரும்" என்றார். குபேந்திரன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் வினை. டீக்கடையில் நாலு பேர் பார்க்க, நாள் தவறாமல் எண்ணெய் தடவி வளர்த்த மீசையைத் தொட்டுக்கொண்டு சன்னாசி சொன்னார்: "டர்போ போட்ட இந்த வண்டி, ஆளை இறக்காம ஒன்பதாவது வளைவு ஏறிட்டா, என் மீசையை எடுத்துடறேன்."

"ஏறலைன்னா என்னுது போகட்டும் மச்சான்" என்றான் குபேந்திரன்.

டர்போ ஏறியது. குபேந்திரன் சமதளத்தில் ஆள் ஏற்றாமல் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டான்.

காய் எடுப்பின் முதல் நாள் காலை ஒச்சம்மா வெளியே வந்தபோது ஜீப்பின் பானெட் திறந்திருந்தது. அந்த வேனின் பெரிய ரேடியேட்டரை ஜீப்பில் பொருத்தி, சன்னாசி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உன் மீசை?"

"மீசை வளந்துக்கும். இறங்கின பொம்பளைக திரும்ப ஏற மாட்டாங்க."

ஒச்சம்மா சாவியை எடுத்தாள்.

ஜீப் நிறைய ஆள். ஐந்து, ஆறு, ஏழு என வளைவுகள் கழிந்தன. எட்டில் என்ஜின் சூடு காட்டும் முள் மேலே ஏறி, அதற்குமேல் போகாமல் நின்றது. ஒன்பதில் ஒச்சம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். வண்டி சிணுங்கக்கூட இல்லை, ஜம்மென்று ஏறிப்போய்விட்டது. பெண்கள் போட்ட குலவை அடிவாரம் வரை கேட்டதாம்.

மாலையில் டீக்கடையில் வழக்கு கூடியது. "டர்போ போட்ட வண்டி ஏறிருச்சு, மச்சான் மீசைதான் போகணும்" என்றான் குபேந்திரன். "அவர் ரேடியேட்டர் மாத்தலைன்னா கொதிச்சு நின்னிருக்கும். அவர் சொன்னதுதான் நெசம், உன் மீசையை எடு" என்றார்கள் பெண்கள். சன்னாசி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். எல்லாரும் ஒச்சம்மாவைப் பார்த்தார்கள்.

சொல்லுங்கள், யாருடைய மீசை போவது நியாயம்?

விடை: சன்னாசியின் மீசைதான். ஒச்சம்மா சொன்னது இது: "யார் கெட்டிக்காரன்னு பந்தயம் வைக்கலை, வண்டி ஏறுமான்னுதான் வச்சாங்க. ஏறிருச்சு. தோத்துருவோம்னு தெரிஞ்சேதான் அண்ணன் ஸ்பேனரை எடுத்துச்சு. இப்ப மீசையைத் திருப்பிக் குடுத்தா, அண்ணன் எனக்காகச் செஞ்சதை நானே வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிரும்." சன்னாசி எழுந்து, தங்கையின் தலையைத் தொட்டுவிட்டு, நேரே சலூனுக்கு நடந்தார். பெண்கள் குலவையிட்டுக்கொண்டே கூடப் போனார்கள். மறுநாள் ஜீப்பின் முன்சீட்டில் மழித்த முகத்தோடு மாப்பிள்ளை போல அவர் மலையேறினார். ஜெயித்த குபேந்திரன்தான் ரொம்ப நாளைக்குத் தன் மீசையைத் துண்டால் மூடிக்கொண்டு திரிந்தான்.