விட்டுப் பிடித்த ரிலே

இருட்டியதும் அந்தப் பால் குளிரூட்டும் நிலையத்தில் 'டக்... டக்... டக்' என்று ஒரு சத்தம். பேய் இல்லை. குளிர்விக்கும் மெஷினைப் போட்டு அணைக்கும் ரிலேதான் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து அறையில் படுத்திருந்த மேனேஜர் தில்லைநாயகம் பாய்ந்து வந்தார். "அமலி, சத்தம் நிக்கணும்! பாலும் நாலு டிகிரியிலேயே இருக்கணும். ஒரு புள்ளி ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. என்னைக் கேக்காம நான் வெச்ச செட்டிங்கைத் தொட்டே, நாளைக்கு வேலைக்கு வராதே!"

"சரிங்க சார்" என்றாள் புதிதாய்ச் சேர்ந்த அமலி. ரிலேயை நிறுத்திவிட்டு, மெஷினைத் தானே கையால் போட்டு அணைக்க உட்கார்ந்தாள். அவர் போய்ப் படுத்ததும் கதவைத் தட்டினாள்.

"சார், ஒரு புள்ளி ஏறிடுச்சு. போடட்டுங்களா?"

"போடு!"

மறுபடி தட்டினாள். "ஒரு புள்ளி இறங்கிடுச்சு சார். அணைக்கட்டுங்களா?"

"அணை!"

படுத்தால் தட்டல், எழுந்தால் 'சார்'. வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து மனிதருக்குக் கால் ஓய்ந்தது.

"நான் மனுஷனா மெஷினா? ஒரு டிகிரியாவது விட்டுப் பிடிக்கக் கூடாதா?"

"அதைத்தான் சார் அந்த ரிலேயும் இவ்வளவு நேரமாக் கேட்டுச்சு. அஞ்சுல போட்டு நாலுல அணைக்கிற மாதிரி மாத்தட்டுங்களா?"

"மாத்து தாயே!"

மாற்றி, ரிலேயை மறுபடி இயக்கினாள். ரிலே அடங்கி, மெஷின் சீராக ஓடியது. அப்புறம் கேட்டது ஒரே ஒரு 'டக்'. அது மேனேஜர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட சத்தம்.