விரதம் இருந்த வயிறு

கடல் தாண்டிய ஓர் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. மகள் வீட்டுக்குப் போன இடத்தில் பித்தப்பையில் கல் என்று அங்கே ஆபரேஷனுக்குப் படுத்திருந்தார் கோமளவல்லி அம்மாள். இங்கிலீஷ் தெரியாது. யார் என்ன கேட்டாலும் தலையாட்டுவார். 'சொல்லுங்க, கேட்டுக்கறேன்' என்கிற மரியாதை, வேறொன்றுமில்லை.

"காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே?" என்று நர்ஸ் இங்கிலீஷில் கேட்டாள். அம்மாள் தலையை ஆட்டினார். படிவத்தில் ஒரு டிக் விழுந்தது.

"அடப்பாவிகளா!" என்று அலறியது வயிறு. "நான் கழுத்து முட்ட நிறைஞ்சு கிடக்கேன். மயக்க மருந்து கொடுத்தா எல்லாம் மேலே ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும். அம்மா உசுருக்கே ஆபத்துய்யா!"

படிவம் அசையவில்லை. "என்னிடம் டிக் இருக்கிறது. நீ சும்மா கிட."

ஸ்டெதஸ்கோப் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. "உள்ளே ஏதோ கத்துது. பாஷைதான் விளங்கலை."

"எனக்கு விளங்குதே!" என்று மேஜை டிராயருக்குள்ளிருந்து ஒரு குரல். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவதற்கென்றே வாங்கிப் போட்ட டெலிபோன் அது. "என்னை எடுத்தா ரெண்டே நிமிஷத்துல தமிழ் ஆள் பேசுவார். எங்கே எடுக்கறாங்க? தலை ஆடினா போதும்னு விட்டுடறாங்க!"

மயக்க மருந்து முகமூடி அம்மாள் முகத்தை நோக்கி மெல்ல இறங்கியது. வயிற்றுக்குப் பகீரென்றது. இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, பெரிதாக ஓர் ஏப்பத்தை மேலே அனுப்பியது.

மயக்க மருந்து டாக்டரின் மூக்கில் கும்மென்று வாழைப்பழ வாசனை. அவர் முகமூடியைத் தள்ளி வைத்துவிட்டு, டிராயரை இழுத்து டெலிபோனை எடுத்தார்.

"அம்மா, காலையிலேருந்து என்னவெல்லாம் உள்ளே போச்சு?" என்று போனில் ஒருவர் தமிழில் கேட்டார்.

"ஒண்ணுமே சாப்பிடலை தம்பி! விரதம் இருக்கணும்னு சொல்லிட்டு மகள் வேலைக்கு ஓடிட்டா. சோத்தைக் கையால தொடலை. ரெண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால், பசி தாங்காம ஒரு தட்டு ரவா உப்புமா. அவ்வளவுதான்!"

போனில் இருந்தவர் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு ஆபரேஷனை மறுநாளுக்குத் தள்ளிப்போட்டார்.

படிவத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் மேல் என்ன தப்பு? என்னிடம் எல்லாம் சரியாகத்தானே இருந்தது?"

"உங்கிட்ட எல்லாம் சரியாத்தான் இருந்தது ராசா," என்றது வயிறு. "உப்புமா எங்கிட்டதானே இருந்தது!"