இடம் சொல்லாத பில்டு

தாட்சாயணியிடம் ஜாவா கற்றுக்கொள்ள வந்த மரியதாஸ் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பழைய கணக்கு சாஃப்ட்வேரிலேயே பாதி ஆயுசை ஓட்டியவர். அவளைக் 'குருவே' என்றுதான் கூப்பிடுவார். கேலியா மரியாதையா என்று பீளமேட்டு ஆபீசில் ஒருத்தருக்கும் புரியாது. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

அவர் ஜாவாவில் எழுதிய முதல் புரோகிராம் அன்று காலையில்தான் ஓர் ஆஸ்பத்திரியில் ஓடத் தொடங்கியிருந்தது. டயாலிசிஸ் நோயாளிகள் வந்து அடுத்த வாரத்து முறையைப் பதிந்துகொள்ள வேண்டும். யாருக்கு எந்த நாள், எந்த மெஷின், எல்லாம் அதில்தான். முறை தவறினால் உடம்பு தாங்காத ஜனங்கள்.

பதினொரு மணிவாக்கில் ஆஸ்பத்திரி ஆபரேட்டர் கதிரேசன் போன் செய்தார்.

"சார், சும்மா பறக்குதுங்க! ஒரு எர்ரர் கிடையாது. எழுபது பேருக்கு மேல பதிஞ்சாச்சு. மத்தியானம் யூபிஎஸ் பேட்டரி மாத்த ஆள் வர்றாங்க. கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிட்டுப் போட்டுக்கிறோமுங்க."

"தாராளமா பண்ணுங்க" என்றார் மரியதாஸ். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

தாட்சாயணி அதற்குள் ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாஸ் சார், எத்தனை பேர் பதிஞ்சிருக்காங்க?"

"அவங்க ஸ்கிரீன்ல எழுபதுக்கு மேல காட்டுதாம்."

"இங்க வந்து பாருங்க."

வந்து பார்த்தார். ஒரு பெயர்கூட இல்லை.

"அட! அப்ப அத்தனை பேரும் எங்க இருக்காங்க?"

"அதான் எனக்கும் தெரியணும்."

மரியதாஸுக்குப் பயம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. அடுப்பே இல்லாமல் சோறு வெந்த மாதிரி இருந்தது அவருக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நெட்வொர்க் மெதுவா இருக்குமோ, குருவே?"

"மெதுவா வந்தாலும் இந்நேரம் ஒருத்தராச்சும் வந்து சேர்ந்திருக்கணுமே. நேத்து பில்டு போட்டப்ப எந்த இடம்னு சொன்னீங்க?"

ஒரே புரோகிராம் மூன்று இடங்களில் ஓட வேண்டும்: அவருடைய லேப்டாப், ஆபீசின் சோதனை சர்வர், ஆஸ்பத்திரி. மூன்றுக்கும் தனித்தனி டேட்டாபேஸ். பில்டு போடும்போது, அதாவது எழுதியதை ஓடும் வடிவத்துக்குக் கட்டும்போது, இடத்தின் பெயரைச் சொன்னால் அந்த இடத்துக்கு உரியதை எடுத்துக்கொள்ளும்.

"சொல்லலை" என்றார் மரியதாஸ்.

"சொல்லலைன்னா?"

"என் லேப்டாப்புக்கு உள்ளதை எடுத்துக்கும். நான்தான் அப்படி எழுதி வெச்சேன். யாராச்சும் மறந்துட்டாலும் பாவம், நின்னு போகக் கூடாதேன்னு."

சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் வெளுத்துவிட்டது. லேப்டாப்பில் அவர் வைத்திருந்தது தற்காலிக டேட்டாபேஸ். டிஸ்க்கில் எதையும் எழுதாது. எந்தக் கம்ப்யூட்டரில் புரோகிராம் ஓடுகிறதோ அதன் மெமரியில் மட்டும் வைத்திருக்கும், அதை நிறுத்தினால் சுத்தமாகத் துடைத்துவிடும்.

"ஐயையோ, யூபிஎஸ்!"

கதிரேசன் போனை எடுக்கவே நேரமாயிற்று.

"கதிரேசன், ஆஃப் பண்ணிடாதீங்க! கை வெக்காதீங்க!"

"ஆள் முன்னாடியே வந்துட்டாருங்களே. குனிஞ்சு ஒயரைக் கழட்டிட்டு இருக்காரு."

"நிறுத்தச் சொல்லுங்கய்யா! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!"

அந்தப் பக்கம் ஒரு அதட்டல். ஏதோ விழுந்த சத்தம். பிறகு கதிரேசன், "நிறுத்தியாச்சுங்க. என்ன சார் ஆச்சு?"

தாட்சாயணி போனை வாங்கிக்கொண்டாள். "அண்ணா, பதிவு கவுன்ட்டரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைங்க. புரோகிராம்ல 'பட்டியல்'னு ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கி, வர்ற எக்செல் ஃபைலை எங்களுக்கு அனுப்புங்க. ஃபைல் வந்துச்சுன்னு நான் சொன்னதுக்கப்புறம் ஆஃப் பண்ணிக்கலாம்."

ஃபைல் வந்தது. மரியதாஸ் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தார். ராக்கியம்மாள், சுலைமான், தெய்வானை. எல்லோரும் இருந்தார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

இடத்தின் பெயரைச் சொல்லி இன்னொரு பில்டு போட்டார். புதியதை ஏற்றி, பட்டியலையும் உள்ளே சேர்த்து, ஆஸ்பத்திரி டேட்டாபேஸில் பெயர்கள் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கலை, குருவே. இவ்வளவு பெரிய தப்பு. காலையிலேருந்து ஒரு எர்ரர்கூட வரலையே, ஏன்?"

தாட்சாயணி அவருடைய லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, இடம் சொல்லாவிட்டால் லேப்டாப்புக்கு உள்ளதை எடுத்துக்கொள் என்று அவர் எழுதி வைத்திருந்த அந்த வரியை அழித்தாள். அதே இடத்தில் வேறொரு வரி எழுதினாள்.

"இப்ப இடம் சொல்லாம ஒரு பில்டு போடுங்க."

போட்டார். ஆரம்பித்த வேகத்திலேயே நின்றுவிட்டது. சிவப்பில் ஒரே ஒரு வரி: எந்த இடத்துக்கு?

"ஓடவே மாட்டேங்குதே."

"ஆமா."

மரியதாஸ் அந்தச் சிவப்பு வரியில் விரலை வைத்தார். மனசு ஒப்பவில்லை.

"இது நம்ம ஆபீஸ்ல நின்னா சரி. இதே மாதிரி அங்க ஆஸ்பத்திரியில நின்னு போச்சுன்னா? வரிசையில நிக்கிற ஜனம் என்ன பண்ணும்?"

தாட்சாயணி லேப்டாப்பை அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"நின்னு போனா நம்மளைத் திட்டிக்கிட்டே பேப்பர்ல எழுதி வெச்சுக்குவாங்க, தாஸ் சார். ஓடுனதாலதான் இன்னிக்கு யாருமே எழுதி வெக்கலை."