முள்ளங்கியும் ஒரு போன் காலும்

"குருவே, இந்த ஜப்பான்காரங்களுக்குக் கிறுக்கா?"

கேட்டவன் குழந்தைவேலு. பெருந்துறைக்காரன். வயசு நாற்பத்தொன்று. பெத்த அம்மாகிட்டகூடச் சொல்லாமல், ஞானம் தேடி இந்த ஜப்பான் மலைக்கோயிலுக்கு ஓடி வந்து அஞ்சு மாசம்.

குரு செய்ரின் ஒரு பெண் துறவி. அவனைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவர், தமிழும் தெரிந்தவர். முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன்?"

"நீளமா, ஒல்லியா இருந்தா 'ஹோன்' போட்டு எண்ணணும்னீங்க. முள்ளங்கி ஒரு ஹோன். குடை ஒரு ஹோன். மெழுகுவர்த்தி, சரி, ஒத்துக்கறேன். போன் கால் எப்படி ஹோன் ஆகும்? அதென்ன முள்ளங்கியா?"

கோயில் போன் நோட்டை நீட்டினான். நேற்று வந்த அழைப்பு: மூன்று ஹோன்.

குரு எட்டிப் பார்த்தார்.

"மூணும் உங்க அம்மா."

குழந்தைவேலு நோட்டை மூடினான்.

எப்படியோ நம்பரைப் பிடித்துவிட்டாள். ஒரு வாரமாக விடாமல் அடிக்கிறாள். எடுத்தால் 'கிளம்பி வா' என்பாள். அவள் சொன்னால் இவன் கிளம்பிவிடுவான். அதுதான் பயமே.

"தியானத்துல இருக்கேன்னு சொல்லிடுங்க, குருவே."

"சொன்னேன். எழுப்பி விடச் சொன்னாங்க."

போன் அடித்தது.

குரு கையை நீட்டிப் போனைக் காட்டினார். கத்தி இருந்த கை.

எடுத்தான்.

"டேய், உசுரோட இருக்கறயாடா?"

அதோடு விட்டாளா? மோட்டார் காயில் எரிந்தது. சித்தப்பா மகள் கல்யாணத்தில் பாதிப் பந்தியிலேயே பாயசம் தீர்ந்தது. பக்கத்து வீட்டு நாய் கேஸ்காரனைக் கடித்தது.

குரு முள்ளங்கியை வேகவைத்தார். சாப்பிட்டார். பாத்திரம் கழுவினார். வாசலைக் கூட்டிவிட்டு வந்தார்.

நாய் இன்னும் கடித்துக்கொண்டிருந்தது.

ஒன்றே முக்கால் மணி நேரம். தியானத்தில்கூட அவன் இவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்ததில்லை.

'கிளம்பி வா' மட்டும் வரவே இல்லை.

திடீரென்று நிறுத்தினாள். குரல் மெலிந்தது. அடுத்து அவள் சொன்னதைக் காதோடு போனை அழுத்தி வைத்துத்தான் கேட்க முடிந்தது.

"அங்கயே இருக்கோணும்னா இரு கண்ணு. வேளாவேளைக்குச் சாப்படறயா?"

போனை வைத்தான்.

"நீளமா?" என்றார் குரு.

"யப்பா!"

"ஒல்லியா?"

குழந்தைவேலு புறங்கையால் மூக்கைத் துடைத்தான்.

"கடைசியில மட்டும்."