வாசலில் நின்ற தோல்

ஒரு வீட்டுக் குளியலறை அலமாரியில் ரெட்டினால் என்ற முகச்சுருக்க க்ரீம் ட்யூப் குடிவந்தது. வைட்டமின் ஏ வம்சம். கேரட்டுக்குத் தூரத்து உறவு என்றாலும் அதை வெளியே சொல்லிக்கொள்ளாது. அதன் விலை அப்படி.

வீட்டுக்காரி வேதவல்லி ஒரு பெரிய ஜவுளிக்கடையின் வாசலில் நின்று, வருகிறவர்கள்மேல் பன்னீர் தெளித்துக் கற்கண்டுத் தட்டை நீட்டுபவள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் மேலாளர் தனசேகர், "வாசல்ல நிக்கிற முகம் பளிச்சுனு இருக்கணும்க்கா, பாத்துக்கோங்க" என்று சொல்லியிருந்தார். வாசலிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் கிடங்கில் புடவை மடிக்கப் போவார்கள். கிடங்குக்குப் போனவர்கள் தீபாவளிவரை இருப்பதில்லை.

ட்யூபை அதற்காகத்தான் வாங்கினாள். பட்டாணி அளவு, வாரத்தில் ஓரிரு இரவுகள், பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம் என்று அட்டைப்பெட்டியில் கடுகளவு எழுத்தில் அச்சாகியிருந்தது. முகத்தில் சுருக்கம் விழும் வயதில்தான் கண்ணில் வெள்ளெழுத்தும் வரும் என்பதை அச்சிட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. வேதவல்லி, சிவப்பழகு க்ரீம் பூசிய பழக்கத்தில், தினமும் இருவேளையும் அள்ளிப் பூசினாள். சன்ஸ்கிரீனை மட்டும் ஒருமுறை பூசிப் பார்த்து, "வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருக்கு" என்று மூடிவைத்துவிட்டாள்.

ஒரு காலை, அவள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்தோல் முனகியது.

"எங்களை ஏன்யா விரட்டுற? இத்தனை வருஷம் அந்த வாசல் வெயிலைத் தாங்கினது நாங்கதானே?"

"நான் யாரையும் விரட்டலையே" என்றது ரெட்டினால், நிதானமாக. "கீழ இருக்கிறவங்களைக் கொஞ்சம் சீக்கிரம் மேல கொண்டுவர்றேன். அவ்வளவுதான்."

"அதுங்க பச்சைப் பிள்ளைங்க. வெயில்னா என்னன்னே தெரியாது."

"வெயில் என் இலாகா இல்லை. அதோ, அவரைக் கேளு."

சன்ஸ்கிரீன் மூடிக்குள்ளிருந்து கொட்டாவி விட்டது. "என்னைக் கேட்டு என்ன புண்ணியம்? திறந்தாத்தானே வேலை பார்க்க முடியும்?"

"கன்னம் மினுங்குதுப்பா" என்று கண்ணாடி குறுக்கிட்டது. "ரொம்ப நாளைக்கு அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறா. கெடுத்துடாதீங்க."

அடுத்த சில நாள்களில் மேல்தோல் துண்டில் கொஞ்சமும் தலையணையில் கொஞ்சமுமாக உதிர்ந்துபோனது.

ஆடித் தள்ளுபடி தொடங்கியது. கடை கிழக்குப் பார்த்த கடை. புதுத் தோலுக்கு அது முதல் வேலைநாள். வெயிலில் நிற்பது எப்படி என்று சொல்லித்தர வேண்டியவர்கள் துண்டில் கிடந்தார்கள். முற்பகலுக்குள் கன்னங்கள் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் சிவந்தன; மூக்கோரம் வெடித்தது. காற்றில் திரும்பிய பன்னீர் அதில் பட்டதும் வேதவல்லி துடித்துத் தட்டைத் தவறவிட்டாள். கற்கண்டு வாசலெங்கும் சிதறியது.

"ஏதோ தொத்து வியாதி போல" என்று ஒரு பெண்மணி தன் குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

தனசேகர் வந்தார். கோபப்படவில்லை. அவருக்குப் பின்னால், கீழ்த்தளத்தில் துண்டு விற்றுக்கொண்டிருந்த ரஞ்சனி புதுப் பட்டுச்சேலையில் நின்றாள். இருபது வயது இருக்கும்.

"என்னை அனுப்புறீங்களா சார்?" என்றாள் வேதவல்லி.

"சேச்சே, யாரையும் அனுப்பலக்கா. கீழ இருக்கிற பிள்ளைங்களைக் கொஞ்சம் சீக்கிரம் மேல கொண்டுவர்றோம். அவ்வளவுதான். நீங்க கிடங்குல நிழலா இருங்க."

அந்த வார்த்தைகளைக் கேட்டதும், வெந்துபோன புதுத் தோலுக்குத் தன் பெரியவர்கள் எங்கே போனார்கள் என்பது விளங்கியது.

வேதவல்லி பன்னீர்ச் செம்பை ரஞ்சனியிடம் கொடுத்தாள். "இங்க வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும்மா."

"பழகிடும்க்கா" என்று ரஞ்சனி வாசலைப் பார்த்துத் திரும்பினாள். பளிச்சென்று இருந்தாள்.

வெயில் அவளை அப்போதுதான் கவனித்தது.