போறேன்னு சொல்லிப் பாருங்க

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்துல ஒரு மடம். தலைவி செண்பகத்தம்மா, வயசு நாப்பது தாண்டல. சீடர் அருணகிரி இன்சூரன்ஸ் ஆபீஸ்ல ரிட்டயராகி வந்தவர். அவங்க இவரை ஐயாம்பாங்க, இவர் அவங்களை அம்மாம்பார். யார் யாருக்குச் சீடர்னு வெளியாளுக்குக் குழப்பந்தான்.

மடத்து வெப்சைட் அருணகிரி பொறுப்பு. குருபூஜைச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் வரோம்னு ஜனங்க அதுலதான் பதிஞ்சு வைப்பாங்க. அதைப் பாத்துத்தான் உலை வைப்பாங்க. போன வருஷம் முந்தின நாள் சைட் படுத்துக்கிச்சு. வெப்சைட்டைக் குடிவச்சிருந்த ஹோஸ்டிங் கம்பெனியில போனை எடுக்க நாதியில்ல. மறுநாள் பந்தியில இலை போட்டாச்சு, தண்ணி தெளிச்சாச்சு, சோறு பத்தல. இலை முன்னாடி உக்காந்தவங்களைக் கும்பிட்டு எழுப்பினது அருணகிரிதான்.

இந்த வருஷமும் அப்படி ஆச்சுன்னா ஊரைப் பாக்கப் போயிடறதுன்னு முடிவு பண்ணிட்டார். ஒரு பையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால வச்சார். யார்கிட்டயும் மூச்சு விடல.

குருபூஜைக்கு ஒரு மாசம் இருக்கிறப்போ, கீரை ஆஞ்சுகிட்டிருந்த அம்மாகிட்ட வந்து உக்காந்தார்.

"மூணு ஹோஸ்டிங் கம்பெனி பாத்தேன்மா. ஒண்ணைத் தள்ளிட்டேன். மத்த ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லணும்."

"எதை வச்சுத் தள்ளுனீங்க?"

"பேச்சை வச்சுத்தான். இடம், வேகம் எல்லாம் மூணுலயும் ஒண்ணுதான். நமக்கு வேண்டியது ஆபத்துக்குப் போனை எடுக்கிற ஆளு. முதல் கம்பெனிப் பொண்ணு பேசுனா தேன். ரெண்டாவது தம்பி நான் கேக்கிறதுக்கு முன்னாடியே பதில் சொல்றான். மூணாவது ஆளு எடுத்ததும் 'சொல்லுங்க'ன்னான். வணக்கம் கிடையாது, சார் கிடையாது."

அம்மா கீரைத்தண்டைக் காதுல வச்சுகிட்டாங்க. குரல் குழைஞ்சு மெலிஞ்சுது. "உங்களுக்காகத்தான் சார் நாங்க இருக்கோம். இந்தப் பொண்ணா?"

அருணகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அச்சு அசல். நீங்க எப்பம்மா பேசுனீங்க?"

"பேசல. நகைக்கடையில கேட்டிருக்கேன்."

அருணகிரி சிரிக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சார்.

"ஐயா, நம்ம பக்கத்துல ஒருத்தர் வீட்டை விட்டுக் கிளம்புறப்போ என்ன சொல்வாங்க?"

"வரேன்பாங்க."

"போறேன்னா?"

"சேச்சே, யாராவது சொல்வாங்களா?"

"நீங்க மூணு பேர்கிட்டயும் வரேன்னு சொல்லியிருக்கீங்க. வரேன்னா யாருதான் பாய் விரிக்க மாட்டாங்க? போறேன்னு சொல்லிப் பாருங்க."

"இன்னும் சேரவே இல்லையேம்மா. பொண்ணு பாக்கப் போன இடத்துல அத்து விடறதைப் பத்திக் கேக்கச் சொல்றீங்க."

"கேளுங்க. எனக்கும் கேக்கிற மாதிரி ஸ்பீக்கர்ல வைங்க."

முதல் கம்பெனி. பொண்ணு அதே தேன்.

"நான் சேந்துட்டு, ஒருநாள் உங்களை விட்டு வேற இடம் போகணும்னா எப்படிம்மா போறது?"

"ஏன் சார், நல்ல நாளும் அதுவுமா?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"அதுக்குத் தனி டிபார்ட்மெண்ட் சார். லைன் தரேன்."

புல்லாங்குழல் கேட்டுச்சு. அரைக்கட்டுக் கீரை ஆயிற வரைக்கும் புல்லாங்குழல்தான். அம்மா தலையாட்டி ரசிச்சாங்க.

"நல்லாத்தான் வாசிக்கிறார். வைங்க, அடுத்தது."

ரெண்டாவது தம்பி கேள்வி முடியறதுக்குள்ள பாஞ்சான். "எங்ககிட்ட வந்தவங்க யாருமே திரும்பிப் போனதில்ல சார்."

அம்மா மெதுவாக் குனிஞ்சு, "எமலோகத்துக்கா போன் போட்டீங்க?"ன்னாங்க.

மூணாவதுக்கு அருணகிரி வேண்டாவெறுப்பா அடிச்சார்.

"சொல்லுங்க."

கேட்டார். அந்த ஆள் ஏன்னு கேக்கல.

"பேக்கப்புன்னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்குனா மொத்தமும் உங்க கம்ப்யூட்டருக்கு இறங்கிடும். வெப்சைட் பேரை மட்டும் இப்பவே மடத்துப் பேர்ல பதிஞ்சு வைங்க. எவன் பேர்லயும் விடாதீங்க, எங்க பேர்லயும் விடாதீங்க. அப்புறம், சனிக்கிழமை சாயங்காலம் மாறாதீங்க. போற இடத்துல ஏதாவது சிக்கிச்சுன்னா ஞாயித்துக்கிழமை அங்க ஆள் கிடைக்காது. திங்கக்கிழமை காலையில மாறுங்க."

"சாப்பாட்டுக்குப் பதிஞ்ச பேரெல்லாம் அப்படியே வருமா?"

"தெரியல. கேட்டுட்டுக் கூப்பிடறேன்." பொட்டுனு வச்சுட்டான்.

"பாத்தீங்களாம்மா? இவனைப் போயி."

அம்மா கீரையை அலசி அடுப்படிக்குக் கொண்டு போனாங்க. சட்டியில போடறதுக்குள்ள போன் அடிச்சுது.

"கேட்டுட்டேன். பேரெல்லாம் வரும். போட்டோ மட்டும் தனியா எடுத்துக்கணும். அவ்வளவுதான்."

அன்னைக்கே அங்க சேந்தாங்க.

குருபூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் ஜனம் ஒரே சமயத்துல பதிய வந்து சைட் நின்னுபோச்சு. அருணகிரிக்குக் கண்ணு முன்னால வெறும் இலைதான் தெரிஞ்சுது. உடனே போன் அடிச்சார்.

"சொல்லுங்க."

"தம்பி, மலையடி மடத்துலேர்ந்து."

"போறதப் பத்திக் கேட்ட ஐயாதானே? கிளம்புறீங்களா?"

"இல்ல தம்பி, சைட் நின்னுபோச்சு. நாளைக்குப் பந்தி."

"லைன்லயே இருங்க."

புல்லாங்குழல் இல்ல. தட்டற சத்தம். நடுவுல ஒரு தும்மல். "இப்பப் பாருங்க."

பதிஞ்ச பேரெல்லாம் வரிசையா வந்து நின்னுது. அடுப்படிக்குக் கணக்குப் போச்சு. மறுநாள் கடைசிப் பந்தி எழுந்த பிறகும் பானையில சோறு இருந்துச்சு. அருணகிரி அதைப் போட்டுகிட்டு, ரசம் ஊத்திப் பிசைஞ்சு சாப்பிட்டார்.

சாயங்காலம் அம்மா இலைக்கட்டு மேல உக்காந்து காலை நீட்டியிருந்தாங்க. அருணகிரி பக்கத்துல போய் நின்னார்.

"அம்மா, நான் ஒரு பை கட்டி வச்சிருந்தேன்."

"கதவுக்குப் பின்னால."

"தெரியுமா?"

"கட்டுன அன்னைக்கே."

"தெரிஞ்சும் இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

அம்மா நெட்டி முறிச்சாங்க.

"போர்வை வைக்காமக் கட்டியிருந்தீங்க. பஸ்ல குளிருமேன்னு ஒண்ணு மடிச்சு உள்ள வச்சேன்."