எதை நம்பிப் பதிவது

"சும்மா கொடுக்கிறாங்களாம், அம்மா. இந்தக் காலத்தில் எவன் சும்மா கொடுப்பான்?"

மணிமுத்தாற்றங்கரை மடத்தில் செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாகப் பூவராகன் கேட்டது இதைத்தான். கக்கத்தில், மகன் வெளியூர் போகும்போது விட்டுப்போன பழைய லேப்டாப்.

தில்லைநாயகி அந்த மடத்தின் குரு. நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. ஆனாலும் தலை நரைத்தவர்கள் எல்லோரும் அவரை அம்மா என்றுதான் அழைத்தார்கள்.

பூவராகன் கூட்டுறவுச் சங்கங்களைத் தணிக்கை செய்தே காலத்தைக் கழித்தவர். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவர். ஓய்வுபெற்றதும் சம்பளம் நின்றது. சந்தேகம் நிற்கவில்லை.

அவர் மனைவி தனக்கோடிக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார்த்திகை தீபம் கழிந்ததும் ஆபரேஷன். அதற்குள் அந்தக் குரலைப் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்த சாஃப்ட்வேரை நம்பலாம்?

தனக்கு லேப்டாப்பைத் திறக்கக்கூடத் தெரியாது என்றார் தில்லைநாயகி. ஆனால் தடை என்னவென்று சொன்னால் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

பூவராகன் சொன்னார். முழுக்க இலவசமாக ஒன்று கிடைக்கிறது. இந்தக் கிழட்டு லேப்டாப்புக்கும் பாரமில்லை. இறக்கியும்விட்டார். ஆனால் திறந்த உடனே அது மைக்கைத் தொட அனுமதி கேட்டதாம். அந்த நிமிஷமே அதை அழித்துவிட்டார்.

தில்லைநாயகி அவரைத் திருப்பிக் கேட்டார்.

"குரலைப் பதிய வந்தது, மைக்கைக் கேட்காமல் எதைக் கேட்கும், ஐயா?"

அது பூவராகனுக்குப் பதிலாகப் படவில்லை. இந்த அம்மாவுக்கும் அந்த சாஃப்ட்வேர்காரனுக்கும் ஏதேனும் ஒட்டுறவு இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே ஆற்றங்கரையோடு நடந்து வீடு போனார்.

*

அடுத்த வாரம் மறுபடி வந்தார்.

இலவசம்தானே வம்பு, காசு கொடுத்தே வாங்கிவிடலாம் என்று தேடினாராம். மலிவாக ஒன்று அகப்பட்டது. மற்றவனெல்லாம் ஆயிரக்கணக்கில் விலை வைக்க, இவன் மட்டும் ஏன் இறக்கிக் கொடுக்கிறான்? அதுவும், வாங்குவதற்கு முன்னால் சில நாள் ஓட்டிப் பாருங்கள் என்கிறான். புழுவைக் காட்டாமலா தூண்டில் போடுவார்கள்?

சரி, பெரிதாகவே இருக்கட்டும் என்று பாட்டுக்காரர்கள் வைத்திருப்பதையும் போட்டுப் பார்த்தார். லேப்டாப் மூச்சு முட்டி நின்றுபோனது. புது லேப்டாப்பை நம் தலையில் கட்டத்தான் இந்த ஏற்பாடு என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

தில்லைநாயகி எழுந்து உள்ளே போனார். ஒரு செம்பு மோர் கொண்டுவந்து நீட்டினார்.

பூவராகன் வாங்கி, மூக்கருகே கொண்டுபோனார்.

"எந்த வீட்டு மோர், அம்மா?"

தில்லைநாயகி செம்பைத் திரும்ப வாங்கினார். அவருக்கு எதிரிலேயே முழுவதையும் தானே குடித்தார்.

வெயிலில் வந்தவருக்கு நாக்கு வறண்டிருந்தது. வாய்விட்டுக் கேட்கவும் கூச்சம். அப்படியே எழுந்து போனார்.

*

தீபத்துக்கு முந்தின நாள் வந்தபோது தனக்கோடியும் கூட வந்திருந்தார். மறுநாளைக்கு அகல் வாங்கிவிட்டு அப்படியே இங்கே வந்தார்கள். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. படித்துறையைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பூவராகன் உள்ளே வந்து லேப்டாப்பை விரித்தார். அழித்ததையெல்லாம் மறுபடி போட்டு, ஒவ்வொன்றிலும் பதிந்து பார்த்திருக்கிறார். ஒன்றும் திருப்தியில்லை. ஒன்றில் குரல் அடங்கிக் கேட்கிறது. ஒன்றில் முரடாகக் கேட்கிறது. எதையோ மறைக்கிறார்கள்.

"போடுங்க, கேட்போம்" என்றார் தில்லைநாயகி.

போட்டார். 'ஒண்ணு, ரெண்டு, மூணு. மைக் டெஸ்ட்.' பூவராகனின் குரல்.

அடுத்ததைப் போட்டார். மறுபடியும் பூவராகன். அதற்கடுத்ததிலும் அவரேதான்.

"எல்லாம் தெளிவாத்தான் இருக்கு" என்றார் தில்லைநாயகி. "அவங்க எதில் இருக்காங்க?"

பூவராகன் திரையை மூடினார். பிறகு திறந்தார்.

இதெல்லாம் சோதனைதான், சரியானது அமைந்ததும் அவளைக் கூப்பிடலாம் என்றிருந்தேன் என்று ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே அது பொய்க்கணக்காகப் பட்டது. தணிக்கைக்குப் போன இடங்களில் இப்படி எத்தனை பேர் இழுத்திருக்கிறார்கள்.

"பதிஞ்சுட்டேன்னா..." என்றார். "பதிஞ்சுட்டேன்னா, அவ குரல் போகட்டும்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும், அம்மா."

தில்லைநாயகி வாசல் பக்கம் திரும்பி, தனக்கோடியைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

தனக்கோடி எழுந்து வந்தார். எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டைச் சரிசெய்துகொண்டார். குரல் ஏற்கெனவே பாதி காற்றாகிப் போயிருந்தது.

"கையெழுத்து நான் போட்டாச்சுங்க. முந்தாநாளே, ஆஸ்பத்திரியில. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்."

பூவராகன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இத்தனை வாரமாகத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காதோரம் முடி இவ்வளவு நரைத்துவிட்டது இப்போதுதான் தெரிந்தது.

"என்ன பாடப்போறே?" என்றார்.

"நான் என்னிக்குப் பாடியிருக்கேன்? எனக்கு உங்களைத் திட்டத்தான் வரும்."

திரையில் அப்போது எது திறந்திருந்ததோ, அதன் சிவப்புப் பொத்தானை அழுத்தினார் பூவராகன்.

"திட்டு."